நீரிழிவும் இன பேதமும்

"நீரிழிவு நம்மவர் ரத்தத்திலேயே ஊறிய வியாதி, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?" என்ற பேச்சு இன்று தமிழ்நாட்டில் எங்கும் கேட்கிறது. படித்தவர் இதைப் பரம்பரை என்கிறார். படியாதவர் தலைவிதி என்கிறார். சொல் வேறானாலும் பொருள் ஒன்றே. இந்த நம்பிக்கை வியாதியினும் கொடியது என்பது நமது அபிப்பிராயம். வியாதிக்கு மருந்துண்டு; விதியென்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட்டவனுக்கு மருந்து எங்கே இருக்கிறது? ஆகையால் இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, பிரமை எவ்வளவு என்று ஆராய்ந்து பார்ப்பது பொதுநலத்தில் கவலையுள்ள ஒவ்வொருவருடைய கடமையாகும்.

வியாதியின் பெருக்கத்தை முதலில் பார்ப்போம். இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஆர். எம். அஞ்சனா, டாக்டர் வி. மோகன் முதலியோர் 2008 முதல் 2020 வரை நாடெங்கும் 1,13,043 பேரைச் சோதித்துச் செய்த ஆராய்ச்சி 2023-ல் வெளிவந்தது. வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு உண்டென்றும், நூற்றுக்கு 15.3 பேர் அதன் வாசலில் நிற்கிறார்களென்றும் அது கூறுகிறது. தொகையாகச் சொன்னால் நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம். வாசலில் நிற்போர் சுமார் 13 கோடியே 60 லட்சம். தமிழ்நாட்டில் விகிதம் நூற்றுக்கு 14.4. இவ்வளவு பெரிய ஜனசமூகத்தை "உங்கள் ரத்தம் அப்படி" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாமா?

இன பேதம் உண்டா?

உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. லண்டனுக்கு மேற்கேயுள்ள சவுத்தால் என்ற இடத்தில் செய்த ஆராய்ச்சி 1991-ல் "லான்செட்" என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. அங்கே குடியேறிய தென்னாசியரில் நூற்றுக்கு 19 பேருக்கு நீரிழிவு. அதே பகுதியில் வாழும் ஐரோப்பியரில் நூற்றுக்கு 4 பேருக்குத்தான். சிங்கப்பூர் சர்க்கார் 2010-ல் எடுத்த கணக்கில் சீனருக்கு நூற்றுக்கு 9.7, மலாய்க்காரருக்கு 16.6, இந்தியருக்கு 17.2. மலேசியாவில் 2019-ல் எடுத்த கணக்கு இன்னும் துயரமானது: சீனருக்கு 15.1, மலாய்க்காரருக்கு 22.0, இந்தியருக்கு 31.4. அவ்விரு நாடுகளிலும் இந்தியர் என்றால் பெரும்பாலோர் தமிழரே என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்கக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இன்று இந்த வியாதி.

ஒரே நாடு, ஒரே கடைத்தெரு, ஒரே ஆஸ்பத்திரி. இருந்தும் இனத்துக்கு இனம் இவ்வளவு வித்தியாசம். இந்தச் சாட்சியத்தோடு வழக்கை முடித்துவிட்டால் "ரத்தமே குற்றவாளி" என்றுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் எதிர்த்தரப்புச் சாட்சிகளையும் கேளாமல் தீர்ப்பெழுதுவது நியாயமாகாது.

ரத்தம் மட்டுமே காரணமா?

முதல் சாட்சி மொரீஷியஸ் தீவு. கரும்புத் தோட்ட வேலைக்காக 1834 முதல் இந்தியர் ஏராளமாகக் கொண்டுபோகப்பட்ட தீவு அது. அங்கே 1987-ல் எல்லா இனத்தாரையும் ஒருங்கே சோதித்தார்கள். இந்து இந்தியருக்கு நூற்றுக்கு 12.4; முஸ்லிம் இந்தியருக்கு 13.3, ஆப்பிரிக்கக் கலப்புள்ள கிரியோல்களுக்கு 10.4, சீனருக்கு 11.5. வெவ்வேறு தேசங்களிலிருந்து வந்த ரத்தம். விகிதமோ ஏறக்குறைய ஒன்றே. அதற்குச் சில வருஷங்களுக்கு முன், 1980-ல், சீன தேசத்திலேயே எடுத்த கணக்கில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட நீரிழிவு இல்லை. கடல் கடந்த சீனருக்கு மட்டும் ரத்தம் மாறிவிட்டதா? மாறியது வாழ்க்கை.

இரண்டாவது சாட்சி அமெரிக்காவின் பழங்குடிகளான பீமா மக்கள். இவர்களில் ஒரு பிரிவார் ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கின்றனர். மற்றொரு பிரிவார் மெக்ஸிகோ நாட்டு மலைகளில் உழுது பயிரிட்டு வாழ்கின்றனர். 2006-ல் வெளியான ஆராய்ச்சியின்படி அரிசோனா பீமாக்களில் நூற்றுக்கு 38 பேருக்கு நீரிழிவு. மெக்ஸிகோ பீமாக்களில் நூற்றுக்கு 6.9 பேருக்கே. வம்சம் ஒன்று, வியாதியில் ஐந்து மடங்குக்கு மேல் பேதம்.

மூன்றாவது சாட்சிக்காக நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் செய்து 1992-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் சென்னை நகரத்தாருக்கு நூற்றுக்கு 8.2 என்றும் கிராமத்தாருக்கு 2.4 என்றும் கண்டார்கள். 2006-ல் மறுபடியும் பார்த்தபோது சென்னையில் 18.6, காஞ்சீபுரத்தில் 16.4, பண்ருட்டியை அடுத்த கிராமங்களில் 9.2 என்று இருந்தது. தமிழன் ரத்தம் இருபது வருஷத்துக்குள் இப்படி மாறக்கூடுமா? ஒரு தலைமுறைக்குள் இரட்டிப்பாகும் எதுவும் பரம்பரையினால் மட்டும் வந்ததாக இருக்க முடியாது.

இன்னும் ஒன்று சொல்லலாம். 2023-ன் கணக்கில் உத்தரப் பிரதேசத்துக்கு 4.8, கோவாவுக்கு 26.4, கேரளத்துக்கு 25.5. வத்திராயிருப்பில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடருக்கு அப்பால் கேரளம், இப்பால் தமிழ்நாடு. கேரளத்தில் முதியோர் தொகை அதிகம் என்பதைக் கழித்துப் பார்க்க வேண்டியதுதான். வயது ஏற ஏற இவ்வியாதியும் ஏறும். ஆயினும் "இந்திய ரத்தம்" என்று ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவது எவ்வளவு பேதைமை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

ஜேம்ஸ் நீல் என்னும் அமெரிக்க சாஸ்திரி 1962-ல் ஒரு யோசனை சொன்னார். பஞ்சகாலத்தில் உயிரைக் காத்த சிக்கனமான உடலமைப்பே செழிப்புக் காலத்தில் நீரிழிவுக்கு வித்தாகிறது என்பது அது. கேட்க அழகாயிருக்கிறது, இன்றளவும் அது ஊகமாகவே நிற்கிறது. பரம்பரைக் கூறுகள் பல கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. அவை ஒவ்வொன்றும் சேர்ப்பது சிறு ஆபத்தே.

கர்ப்பத்திலேயே விழும் வித்து

அப்படியானால் சிங்கப்பூரில் ஒரே தெருவில் வாழும் சீனருக்கும் தமிழருக்கும் பேதம் ஏன்? பிறவிக்கும் வாழ்க்கைக்கும் நடுவே தாயின் கர்ப்பம் என்று ஒன்று இருக்கிறது. புனாவைச் சேர்ந்த டாக்டர் யாக்ஞிக் அந்நகரை அடுத்த கிராமங்களில் பிறந்த சிசுக்களை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் சிசுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நம் சிசுவின் சராசரி நிறை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசை குறைவு, உள்ளுறுப்புகள் சிறியவை. ஆனால் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. சர்க்கரையைச் செலவிடும் தசை குறைந்து, அதைத் தடுக்கும் கொழுப்பு மிகுந்த உடலுடன் பிறந்தவன், பிற்காலத்தில் உட்கார்ந்து உண்ணும் வாழ்க்கைக்கு வந்தால் என்ன ஆவான்? கர்ப்பிணிகளின் ஆகாரக் குறைவு இதற்கு ஒரு முக்கிய காரணமென்று அவ்வாராய்ச்சியாளர் கருதுகின்றனர். எனவே "இனத்தின் குணம்" என்று நாம் சொல்லுவதில் ஒரு பகுதி, தலைமுறை தலைமுறையாகத் தாய்மார் கடைசியில் உண்டு, குறைய உண்டு, மிகுதியாக உழைத்ததன் பலனே. அது விதியல்ல, நம் வீட்டு வழக்கம்.

அந்நிய அளவுகோல்

இதில் நாம் அனுபவிக்கும் ஓர் அநீதியும் உண்டு. உடல் நிறையை உயரத்தோடு ஒப்பிடும் அளவுகோல் நெடுங்காலம் ஐரோப்பியரின் உடலைக் கொண்டே வகுக்கப்பட்டிருந்தது. அதில் 25-க்குமேல் போனால் கனம்; 30-க்குமேல் போனால் பருமன். இங்கிலாந்தில் சுமார் 14 லட்சத்து 70 ஆயிரம் பேருடைய வைத்தியக் குறிப்புகளை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டதில், வெள்ளையருக்கு 30-ல் வரும் நீரிழிவு அபாயம் தென்னாசியருக்கு 23.9-லேயே வந்துவிடுகிறது என்று கண்டார்கள். 5 அடி 5 அங்குல உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையர் சுமார் 82 கிலோவில் சந்திக்கும் அபாயத்தை நம்மவர் 65 கிலோவிலேயே சந்திக்கிறார். பழைய அளவுகோலில் 65 கிலோக்காரர் சௌக்கியமானவர்! "உமக்கு ஒன்றுமில்லை, போய் வாரும்" என்று திருப்பியனுப்பப்பட்டவர் எத்தனை பேர்? இங்கிலாந்தில் 2013-லும் அமெரிக்காவில் 2015-லும் ஆசியருக்கு 23 என்ற வரம்பு ஏற்கப்பட்டது. நம்மவருக்கு இடையளவில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு. இன பேதத்தை அறிவதன் உண்மையான பயன் இதுவே: தாழ்வு மனப்பான்மை கொள்வதற்கல்ல, நமக்கேற்ற அளவுகோலை நாம் கேட்டுப் பெறுவதற்கு.

சீமான் வியாதி என்ற பழங்கதை

1907-ல் "பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்" உஷ்ண தேசத்து நீரிழிவைப் பற்றிய ஒரு விவாதத்தை வெளியிட்டது. அக்காலத்தில் இவ்வியாதி வங்காளத்தின் வக்கீல்கள், நீதிபதிகள், ஜமீன்தார்கள் முதலியோருக்கு உரியதாகவே கருதப்பட்டது. எம்முடைய தொழிலினருக்கு அந்தப் பெருமை நெடுநாள் நிலைக்கவில்லை. 2017-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, சண்டிகார், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய வசதியான பிரதேசங்களின் நகரங்களில் செல்வரைவிட ஏழைகளிடமே நீரிழிவு அதிகம் என்று காட்டுகிறது. செல்வர் நோயை அறிந்துகொண்டார், நடக்கிறார், ஆகாரத்தை மாற்றுகிறார், மாதந்தோறும் சோதித்துக்கொள்கிறார். ஏழைக்கு வயிறு நிறையக் கிடைப்பது மலிவான அரிசி. கிடைக்காதது காய்கறியும் பருப்பும் ஓய்வும். காலில் புண் வந்து ஆறாமல் போன பிறகே அவன் வைத்தியசாலையை நாடுகிறான். கூலியாளின் கால் போனால் குடும்பத்தின் வருமானமே போயிற்று. இன்று இது இனத்தின் வியாதி என்பதைக் காட்டிலும் வர்க்கத்தின் வியாதியாகி வருகிறது என்று சொல்வது பொருந்தும்.

அரிசியும் ஆலையும்

நம் நாட்டார் உண்ணும் ஆகாரத்தின் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாப்பொருளிலிருந்தே வருகிறதென்று 2025-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசியும் மைதாவும் சர்க்கரையும். 21 நாடுகளில் 1,32,373 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2020-ல் வெளியிட்டதில், வெள்ளையரிசியை மிகுதியாக உண்போருக்கு நீரிழிவு அதிகம் வருகிறதென்றும், அந்தச் சம்பந்தம் தென்னாசியாவிலேயே மிகப் பலமாக இருக்கிறதென்றும் கண்டார்கள். 1934-ல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் சார்பில் காந்தியடிகளும், தமிழரான ஜே. சி. குமரப்பாவும் கைக்குத்தலரிசிக்காக எவ்வளவு மன்றாடினார்கள்! அன்று அவர்களைக் கண்டு நகைத்தவர் பலர். தவிட்டோடு சத்தும் போகிறதென்று அவர்கள் சொன்னதை இன்று ஆராய்ச்சி சாலைகள் வேறு பாஷையில் சொல்லுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கைக்குத்தலரிசியானாலும் அளவின்றி உண்டால் சர்க்கரை ஏறும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சுதேசியாயிருப்பதனால் நீரிழிவுக்காரருக்கு ஏற்றவையாகிவிடா. உடலுக்குள் அவை சீனியைப் போலவே வேலை செய்யும். தேசபக்தி வேறு, பத்தியம் வேறு.

வத்திராயிருப்பும் அதன் சுற்றுப்புறமும்

உலகமெங்கும் சென்று நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்த வாழ்க்கை முறைகள் அனைத்தையும் நம் வத்திராயிருப்புப் பிராந்தியத்தில் ஒருநாள் பிரயாணத்தில் காணலாம். சதுரகிரி அடிவாரத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பிலும் மலைவாசிகளான பளியர்கள் இருக்கிறார்கள். பிளவக்கல் அணைகளின் நீரும் கண்மாய்களும் வளர்க்கும் வயல்களில் நாற்று நடும் பெண்கள் இருக்கிறார்கள். தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் உடைய மிராசுதார்கள் இருக்கிறார்கள். கிழக்கே கரிசல் பூமியில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் உண்டு வளர்ந்த கிழவர்களும், அவற்றைக் கண்டால் முகம் சுளிக்கும் பேரன்மார்களும் இருக்கிறார்கள். ராஜபாளையத்தில் 1936 முதல் வளர்ந்த நூற்பாலைகளில் இராமுறை வேலை பார்ப்போர் இருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை விற்போரும் வாங்குவோரும் இருக்கிறார்கள்.

வயலில் டிராக்டரும் நடவு இயந்திரமும் வந்துவிட்டன. கிணற்றுக்கு மின்சார மோட்டார். போக்குவரத்துக்கு மோட்டார் சைக்கிள். உழைப்பு குறைந்தது நல்லதே. முதுகொடிந்து வேலை செய்த காலம் திரும்ப வேண்டுமென்று எவரும் விரும்பார். ஆனால் உழைத்த காலத்தின் சோற்றளவு மட்டும் குறையவில்லை. அதோடு நாளுக்கு ஐந்து முறை சர்க்கரை போட்ட தேநீரும் சேர்ந்துகொண்டது. இந்தியப் பழங்குடிகளைப் பற்றிய பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2013-ல் பார்த்தபோது அவர்களிடையே விகிதம் நூற்றுக்கு சுமார் 6 என்று தெரிந்தது. காட்டை விட்டிறங்கி ரேஷன் அரிசியையே நம்பும் பளியர் குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு எத்தனை நாள் நிலைக்கும்? அரிசோனாவில் நடந்தது அடிவாரத்திலும் நடக்கலாம்.

செய்ய வேண்டியது என்ன?

இவ்வியாதி தடுக்கத்தக்கது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். ஆகாரத்தைத் திருத்தி நடக்கச் செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேரே ஆயினர். "கெட்ட ரத்தம்" என்று பழிக்கப்பட்ட அதே ரத்தம்தான் இவர்களுக்கும். மருந்துக் கடைக்குக்கூடப் போகாமல், நூறில் பதினாறு குடும்பங்கள் தப்பின.

சர்க்கார் சிலவற்றைச் செய்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்வதே நேர்மை. டாக்டர் வி. சேஷய்யாவின் முயற்சியால் 2007-ல் கர்ப்பிணிகள் அனைவரையும் நீரிழிவுக்காகச் சோதிக்கும் ஏற்பாட்டை இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ்நாடு ஏற்றது. 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வீட்டு வாசலில் கொடுக்கிறது. 2023-ல் நீலகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் ரேஷன் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. கேழ்வரகையும் கம்பையும் குதிரைவாலியையும் விருதுநகர் ஜில்லாக் கடைகளிலும் விருப்பமுள்ளோர் பெறும்படி செய்ய வேண்டுமென்று கேட்க நமக்கு உரிமையுண்டு. பருப்பின் அளவைப் பெருக்கக் கேட்பது அதனினும் முக்கியம்.

ஆனால் எல்லாவற்றையும் சர்க்கார் தலையில் சுமத்திவிட்டு நாம் மேடையில் பேசிக்கொண்டிருப்பது தகாது. ஊருக்கு ஊர் கட்சிக் கிளைகளும் வாசகசாலைகளும் சங்கங்களும் இருக்கின்றன. கொடியேற்றவும் ஊர்வலம் நடத்தவும் ஆட்களைத் திரட்டத் தெரிந்த ஊழியர்கள், முப்பது வயது கடந்த ஒவ்வொருவரையும் வருஷத்துக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லக் கூடாதா? கிராம சபையில் ரோடும் விளக்கும் கேட்கும்போது, ரத்தச் சோதனைக்கு வேண்டிய சாமான்கள் நிலையத்தில் இருக்கின்றனவா என்றும் ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? பெண்கள் அச்சமின்றி மாலையில் நடக்க ஓர் இடம், பள்ளிப் பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு மைதானம், இவற்றை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்பது அரசியல் வேலை அல்லாமல் வேறென்ன? எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலே கர்ப்பிணிக்கு முதலில் சோறிடும் வழக்கத்தை ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். அதற்குச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

மேலை நாட்டார் நம்மைப் பார்த்து "உங்கள் இனம் பலஹீனமானது" என்று சொன்ன காலம் ஒன்றிருந்தது. அதை மறுத்துப் போராடிய ஜனங்களே இன்று அந்த வார்த்தையைத் தம் வாயால் தாமே சொல்லிக்கொள்வது வெட்கக்கேடு. நம்மவருக்கு அபாயம் அதிகம் என்பது உண்மை. அதனால் நாம் மற்றவரைவிட முன்னதாக விழித்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். ரத்தத்தின்மேல் பழிபோடுவதை நிறுத்தி, உண்ணும் கலத்தையும், நடக்கும் காலையும், தாய்மாரின் ஆகாரத்தையும் கவனிப்போமாக. வத்திராயிருப்பில் இந்த வருஷம் தொடங்கினால், இன்று கர்ப்பத்திலிருக்கும் சிசு அதன் பலனை அடையும்.